பச்சைக் கர்சர்

அவனை வீட்டில் எல்லோரும் 'மேனுவல்' என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டம் வைத்தது தங்கை. துணி துவைக்கும் மெஷினிலிருந்து எக்ஸ்ரே கருவி வரைக்கும், எந்த மெஷினோடு எந்தக் கையேடு வந்தாலும் அதை மொழிபெயர்த்துக் கொடுப்பதுதான் அவன் தொழில். பின்னறையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் போட்ட மேசை. அதன்மேல் ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குள் அவன் உயிரையே வைத்திருந்த அந்த எடிட்டர், எழுத்தைத் தட்டித் திருத்தும் மென்பொருள்.

கறுப்புத் திரை, சாம்பல் எழுத்து, அவ்வளவுதான். பொத்தான் கிடையாது, கலர் கிடையாது, மவுஸைத் தொடவே வேண்டாம். எல்லாம் விரல் வேலை. சேமிக்க வேண்டுமென்றால் கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றி ஒரு கோலன், ஒரு டபிள்யூ. பிறகு மறுபடி தமிழுக்கு வந்து அடுத்த வரி. கல்லூரிக் காலத்தில் பழகியது. அப்போது அவனோடு சேர்ந்து அதைப் பழகியவர்கள் எல்லாம் வேறு வேறு மென்பொருளுக்குப் போய்விட்டார்கள். அவன் போகவில்லை. போனவர்களைப் பற்றி, மதம் மாறியவர்களைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவான்.

"ஒரு வரியைச் சேமிக்க இத்தனை வித்தையா?" என்று மனைவி கேட்பாள்.

"நான் எங்க பண்றேன் டீச்சர்? விரல் தானாப் போகுது."

அவள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவனுக்கு அவள் டீச்சர்தான். பிள்ளைகளுக்கான புத்தகங்கள் எழுதுவாள். அவளுக்குப் பக்கம் பக்கமாகவே தெரிய வேண்டும். தலைப்பு நீலத்தில், படம் தன் இடத்தில், குட்டிக் குட்டிப் பெட்டிகளுக்குள் குறிப்புகள். எழுதும்போதே புத்தகத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. அவனோ அதையெல்லாம் ஒப்பனை என்பான்.

பறவைகளைப் பற்றிய அவளுடைய முதல் புத்தகத்தை இரண்டு பேருமாகத்தான் முடித்தார்கள். அவள் ஃபைலை மெயிலில் அனுப்புவாள். அவன் அதைத் தன் கறுப்புத் திரைக்குள் கொண்டுபோய், கலரையும் படத்தையும் பெட்டியையும் உரித்துப் போட்டுவிட்டு, வெறும் எழுத்தாக்கித் திருத்தித் திருப்பி அனுப்புவான். அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பூட்டுவாள். 'கடைசி' என்று ஒரு ஃபைல், அப்புறம் 'ரொம்பக் கடைசி', அப்புறம் 'சத்தியமாகக் கடைசி'. அச்சுக்குப் போனது சத்தியம் செய்யாத ஃபைல். ஆந்தையைப் பற்றிய அத்தியாயம் பாதி வாக்கியத்தில் நின்றுபோய் அச்சாகி வந்தது.

அன்றைக்கு அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. "ஆன்லைன்ல ஒரே ஃபைலா வச்சுக்கலாம்பா. ரெண்டு பேரும் அதுலயே எழுதலாம். நீ என்ன மாத்துறேன்னு எனக்குத் தெரியும், நான் என்ன எழுதுறேன்னு உனக்குத் தெரியும்," என்றாள்.

"என் எழுத்து இன்னொருத்தன் கம்ப்யூட்டர்ல கிடக்குறது எனக்குப் பிடிக்காது."

"நான் இருப்பேனே அதுல."

"அதுக்கு நீ இங்கயே இருக்கியே, ரெண்டு அறை தள்ளி," என்று சொல்லிச் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகும் இரண்டொரு முறை கேட்டாள். பிறகு விட்டுவிட்டாள்.

இரண்டாவது புத்தகம் மண்ணுக்கு அடியில் வாழும் உயிர்களைப் பற்றியது. இந்தத் தடவை பதிப்பகம் பெரியது. எழுத ஆரம்பித்தவுடனேயே ஒரு எடிட்டரைக் கொடுத்தார்கள், மென்பொருள் இல்லை, ஆள். எடிட்டர் முதல் நாளே ஆன்லைனில் ஒரு ஃபைலைத் திறந்து அவளை உள்ளே அழைத்தார். பதிப்பகத்தின் வேலை எல்லாமே அப்படித்தானாம்.

மேனுவலுக்கு ஒன்றும் தோன்றவில்லை, அந்தச் சாயங்காலம் வரைக்கும். தண்ணீர் குடிக்க வந்தவன், சாப்பாட்டு மேசையில் அவள் லேப்டாப்பைத் தற்செயலாகப் பார்த்தான். வெள்ளைப் பக்கத்தில் ஒரு ரோஜா நிறக் கர்சர் ஓடிக்கொண்டிருந்தது. அது அவள். அதற்கு இரண்டு வரி மேலே ஒரு பச்சைக் கர்சர் நின்று துடித்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு வாக்கியத்தை முடித்தாள். பச்சை மெல்ல இறங்கி வந்து, அந்த வாக்கியத்தின் பக்கத்தில் நின்றது. ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தது. அவள், "அட!" என்றாள். திரையைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்தில் நின்றவன் டம்ளரை வைத்த சத்தம்கூட அவள் காதில் விழவில்லை.

அவனுக்கு உள்ளே எங்கோ சுருக்கென்றது.

அன்றிலிருந்து அவனுக்கு அடிக்கடி தாகம் எடுத்தது. ஒவ்வொரு தடவையும் சமையலறைக்குப் போகும் வழியில் ஒரு பார்வை. பச்சை இருக்கிறதா? இருந்தது. அவள் பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவுவதற்கு முன்பே ஃபைலைத் திறந்தாள். பச்சை ஏற்கெனவே வந்து காத்திருந்தது. சில நேரம் இரண்டும் ஒரே வரியில், ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதுபோல் நின்றன. அது வெறும் கோடுதான், மின்னும் ஒரு குச்சிதான் என்று அவனுக்குத் தெரியாமலில்லை. தெரிந்து என்ன? வயிறு எரிவது நிற்கவில்லை.

ஒருநாள் அவளாகவே கூப்பிட்டாள். "இதைப் பாரேன். நீ போன வாரம் படிச்சியே, மண்புழுவுக்குக் கண் கிடையாதுன்னு வருமே அந்தப் பத்தி. எடிட்டர் என்ன கேட்டிருக்காரு பாரு."

ஓரத்தில் பெட்டிக்குள் எழுதியிருந்தது: 'கண் இல்லையென்றால் வெளிச்சம் பட்டவுடன் ஏன் மண்ணுக்குள் ஓடுகிறது? கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளை கட்டாயம் கேட்பான்.'

"எவ்வளவு சரியான கேள்வி! தோல்லயே வெளிச்சம் தெரியும் அதுக்கு. அதை எழுதாம விட்டிருக்கேன் பாரு," என்று பூரித்துப் போனாள். அவனும் அந்தப் பத்தியைப் படித்திருந்தான். அதில் விட்டுப்போயிருந்த இரண்டு 'க்'கையும் ஒரு 'ப்'பையும் சேர்த்துக் கொடுத்திருந்தான்.

"பின்ன, எடிட்டர்னா சும்மாவா," என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். அவள் பல் டாக்டர். வாயைத் திறக்காதவர்களையும் திறக்க வைப்பது அவளுக்குத் தொழில். அண்ணன் கூடத்தில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மேசைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னண்ணா அப்படி முறைக்கிற? அண்ணி வேலைதானே பாக்குறாங்க?"

"வேலையா? சிரிக்கிறா பாரு. தானாச் சிரிக்கிறா."

"யாரோடயாம்?"

"அந்தப் பச்சை."

தங்கை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "கர்சரு! ஊர் உலகத்துல அவனவன் ஆளைப் பாத்துப் பொறாமைப்படுவான். நீ ஒரு குச்சியைப் பாத்துப் பொறாமைப்படுற. வாயைத் திற, பல்லைக் கடிச்சுக் கடிச்சே தேஞ்சிருக்கும்."

"சும்மா இரு நீ."

"பிடிக்கலைன்னா நீயும் உள்ள போ. அண்ணிகிட்ட கேட்டா லிங்க் அனுப்பப் போறாங்க."

"எனக்கு என் எடிட்டர் போதும்."

"அப்ப எரி," என்று சொல்லிவிட்டு அண்ணியிடம் பேசப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். டீச்சர் அவசரமாகக் கிளம்பிப் போனாள், லேப்டாப்பை மூடாமலே. மேனுவல் ஒரு இன்குபேட்டர் கையேட்டின் நடுவில் இருந்தான். தண்ணீர் குடிக்கப் போனான். திரை விழித்துக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தான்.

பச்சை அங்கே இருந்தது. எறும்பு அத்தியாயத்தில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அவன் விரல் பட்டதும் ரோஜா நிறக் கர்சர் அசைந்தது. உடனே ஓரத்தில் ஒரு பெட்டி முளைத்தது. 'வந்துவிட்டீர்களா? நேற்று நீங்கள் எழுதிய வரி, எறும்புகள் வரிசையில் நிற்கும்போது தள்ளுமுள்ளு செய்வதில்லை என்பது. பஸ்ஸில் போகும்போது நினைத்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.'

அந்த வரியை அவள் அவனிடம் படித்துக் காட்டவில்லை. முன்பெல்லாம் ஒரு நல்ல வரி வந்தால் கரண்டியோடு பின்னறைக்கு ஓடி வந்து சொல்வாள். இப்போது அந்த வரி எவனோ ஒருவனோடு பஸ்ஸில் போயிருக்கிறது. அவனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. பதில் பெட்டியில் எழுதினான், அவள் பெயரில்:

'இனிமேல் இதில் எதுவும் எழுத வேண்டாம். சொல்ல வேண்டியது இருந்தால் போனில் சொல்லுங்கள்.'

கண் பச்சையின் மேலேயே இருந்தது. விரல்கள் என்ன செய்தன என்று பார்க்கவில்லை. அனுப்பினான்.

பச்சைக் கர்சர் நின்ற இடத்திலேயே நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு, 'சரிங்க' என்று ஒரே ஒரு சொல் வந்தது. கர்சர் மறைந்தது. மொத்தப் பக்கத்திலும் அவன் மட்டும் இருந்தான். அந்தக் கேள்வி பதில் பெட்டி முழுவதையும் அழித்தான். எழுந்துபோய் இன்குபேட்டரை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அன்றைக்கு வேலை மளமளவென்று நடந்தது. மதியம் பாட்டுக்கூட முணுமுணுத்தான்.

"எடிட்டரைக் காணோமே," என்றாள் டீச்சர் திங்கட்கிழமை.

"வேற வேலை இருக்கும்."

செவ்வாய்க்கிழமையும் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வரி எழுதுவாள், மேலே பார்ப்பாள். அழிப்பாள். செய்தி அனுப்பியும் பதில் வரவில்லை என்றாள். வியாழக்கிழமை, அவன் எதற்காக ஏங்கினானோ அது நடந்தது. அவள் பின்னறை வாசலில் வந்து நின்றாள்.

"நீ கொஞ்சம் படிச்சுப் பாக்குறியா? எனக்கு ஒண்ணும் ஓடல."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கறுப்புத் திரைக்குள் கொண்டுவந்து, சாப்பிடாமல்கூட உட்கார்ந்து, எறும்பு அத்தியாயம் முழுவதையும் திருத்திக் கொடுத்தான். அவள் படித்தாள்.

"ஒற்று எல்லாம் சரியா இருக்கு. சரி, எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா?"

அவனுக்கு அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஏதாவது கேட்க வேண்டும், கடைசி பெஞ்சுப் பிள்ளைபோல் கேட்க வேண்டும் என்று மண்டையைக் குடைந்தான். "எறும்பு தூங்குமா?" என்றான்.

"அது மூணாவது பத்தியிலயே இருக்கே," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அவளிடம் அலுப்புகூட இல்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எடிட்டரின் இடம் காலியாக இருந்தும் தன்னால் அங்கே போய் உட்கார முடியவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. போன ஆளின் மேல் பொறாமை முன்னைவிட அதிகமாயிற்று.

மறுவாரம் பதிப்பகத்திலிருந்து மெயில் வந்தது. எழுத்தாளரின் விருப்பப்படி வேறு எடிட்டரை ஏற்பாடு செய்கிறோம் என்று. டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. எடிட்டருக்கே நேராக எழுதிக் கேட்டாள்: நான் என்ன தப்பு செய்தேன்? அவர் எதுவும் விளக்காமல், அவளுடைய பதில் தனக்கு மெயிலில் வந்திருந்ததை அப்படியே திருப்பி அனுப்பினார். அந்த மாதிரி ஃபைலில் யார் என்ன குறிப்பு எழுதினாலும் மற்றவருக்கு மெயிலில் ஒரு நகல் போகும். தனக்கு வரும் நகல்களை அவள் திறப்பதே இல்லை, ஃபைலிலேயே பார்த்துக்கொள்வாள். பெட்டியை அழித்தாலும் நகல் அழியாது. இதெல்லாம் அதைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரியும். மேனுவலுக்கு எங்கே தெரியும்?

அவள் லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். அவன் மேசையில், அவன் கீபோர்டின் மேலேயே வைத்தாள்.

"இது என்ன?"

அவன் படித்தான். இனிமேல் இதில் எதுவும் எழுத வேண்டாம். சொல்ல வேண்டியது இருந்தால் போனில் சொல்லுங்கள். அதற்குக் கீழே, தனியாக ஒரு கோலன், ஒரு டபிள்யூ.

"உலகத்துல எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒருத்தன்தான் எழுதி முடிச்சதும் இப்படிக் கையெழுத்துப் போடுவான்," என்றாள்.

"டீச்சர்..."

"ஏன்னு நான் கேக்கல. ஏன்னு எனக்குத் தெரியும். நாள் முழுக்க எத்தனை தடவை தண்ணி குடிச்சே நீ." அவள் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். "ஆனா போன்ல பேசச் சொன்னியே, அது ஏன்?"

"சும்மா... வாய்ல வந்துச்சு. போன்ல பேசினா என் காதுலயும் விழும்ல."

"அவருக்குத் திக்கும்டா. ரொம்பத் திக்கும். போனை எடுத்தா ஹலோகூட வராது. முதல் நாளே எனக்கு எழுதினாரு, 'தயவுசெய்து போன் மட்டும் பண்ணாதீங்க, எழுத்துல எவ்வளவு வேணா பேசலாம்'னு. அது தெரிஞ்ச நானே அவரைப் போன்ல பேசச் சொல்லியிருக்கேன். என் பேர்ல."

பச்சைக் கர்சர் நின்ற இடத்திலேயே நெடுநேரம் நின்றது அவனுக்கு நினைவுக்கு வந்தது.

"நான் மெயில் போட்டு மன்னிப்பு..."

"மெயில் வேணாம். நேர்ல போ. போய் நீயே சொல்லு."

மறுநாள் காலை போனான். பதிப்பகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. படியேறும்போது, ஆள் எப்படி இருப்பான் என்ற நினைப்பு இந்த நிலையிலும் விடவில்லை. அழகாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். எடிட்டர் அழகாகத்தான் இருந்தார். அவனைவிட இளையவர். மடித்துவிட்ட சட்டைக்கை, காதில் செருகிய பென்சில். மேசையில் இரண்டு பெரிய திரைகள். இரண்டிலும் யார் யாருடைய ஃபைல்களோ, கலர் கலராகக் கர்சர்கள்.

"நான் டீச்சரோட வீட்டுக்காரர்," என்றான்.

எடிட்டர் எழுந்தார். "வ... வ... வ..." என்றார். கழுத்து நரம்பு புடைத்தது. சொல் வரவில்லை. அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். எடிட்டர் முயற்சியை விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, 'வாங்க. டீச்சர் நலமா?' என்று தட்டினார். எழுத்து அவ்வளவு வேகமாக விழுந்தது. பிறகு கீபோர்டை அவன் பக்கம் தள்ளினார்.

வாயால் சொல்லலாம்தான். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் அவன் தட்டினான். 'அந்தச் செய்தியை எழுதியது அவள் இல்லை. நான். அவளுக்குத் தெரியாமல் எழுதினேன்.'

எடிட்டர் படித்தார். கீபோர்டை இழுத்தார். 'ஏன்?'

மெஷின் கையேடுகளில் இதற்கான வாக்கியம் கிடையாது. கடைசியில் எழுதினான். 'உங்களோடு எழுதும்போது அவள் சிரிக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அதுவும் பொறுக்கவில்லை. உங்களுக்குத் திக்கும் என்று தெரியாது. தெரிந்திருந்தால் போன் என்று எழுதியிருக்க மாட்டேன். ஆனால் வேறு ஏதாவது எழுதியிருப்பேன். மன்னிக்க வேண்டும்.'

எடிட்டர் அதை மெதுவாகப் படித்தார். திரும்பிப் பார்க்கவில்லை. 'அன்றைக்கு மதியம் நான் சாப்பிடவில்லை' என்று எழுதினார். சற்று நிறுத்திவிட்டு, 'பள்ளியில் என்னைப் பேசச் சொல்லி நிற்க வைப்பார்கள். டீச்சரும் அப்படிச் செய்தார் என்று நினைத்தேன். அதுதான் தாங்கவில்லை' என்று சேர்த்தார்.

அவன் கீபோர்டைத் தள்ளி வைத்தான். "தப்புதாங்க," என்று வாயால் சொன்னான்.

எடிட்டர் தலையசைத்தார். மன்னித்ததாகவும் எழுதவில்லை, மாட்டேன் என்றும் எழுதவில்லை. பிறகு, 'நான் புத்தகத்துக்குத் திரும்பி வருகிறேன். இன்றைக்கே. எறும்பு பாதியில் நிற்கிறது' என்று மட்டும் தட்டினார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். எழுதியது எதையும் மறைக்கவில்லை. டீச்சர் கேட்டுக்கொண்டாள். சாயங்காலம் ஃபைலைத் திறந்தாள். பச்சை வந்திருந்தது. அவள் ரொம்ப நேரம் என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள். அங்கேயும் ஒரு மன்னிப்பு போகிறது என்று அவனுக்குப் புரிந்தது. அன்றைக்கு அவன் தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

சில நாள் அவளிடமிருந்து தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. உப்பு எடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான். ஒரு மாலை அவனாகவே மேசைக்குப் போனான்.

"என்னையும் அதுல சேத்துக்கிறியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உன் எழுத்து இன்னொருத்தன் கம்ப்யூட்டர்ல கிடந்தா?"

"கிடக்கட்டும்."

யோசித்தாள். "பாக்க மட்டும் அனுமதி தர்றேன். எதையும் தொட முடியாது. சம்மதமா?"

"சம்மதம்."

அப்படித்தான் அவன் அந்தப் புத்தகத்துக்குள் நுழைந்தான். பின்னறையில், அதே கம்ப்யூட்டரில், கறுப்புத் திரைக்குப் பக்கத்தில் அந்த ஃபைல் ஒரு வெள்ளை ஜன்னலாகத் திறந்திருந்தது. ரோஜாவும் பச்சையும் வரிக்கு வரி போவதை வேலைக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது எரிச்சல் குறையும் என்று நினைத்தான். குறையவில்லை. ஆனால் எதைப் பார்த்து எரிகிறோம் என்பது இப்போது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் ஒரு வாக்கியத்தைத் திருத்துவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் அதன் பக்கத்தில் சும்மா நிற்கிறார் என்று பார்த்தான். அவன் எந்த வாக்கியத்தின் பக்கத்திலும் அப்படி நின்றதில்லை.

புத்தகம் முடியும் தறுவாயில், ஒருநாள் அவன் ஜன்னலில் புதிதாக ஒரு பொத்தான் தெரிந்தது. யோசனை சொல்ல அனுமதி. அவள் எதுவும் சொல்லாமல் மாற்றிவிட்டிருந்தாள். அவன் இரண்டு நாள் எதையும் தொடவில்லை. படித்துக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் மண்புழு அத்தியாயத்தில், 'மண்புழு மண்ணுக்குள் ஊர்ந்து போகிறது' என்ற வரியில், 'ஊர்ந்து' என்பதற்குப் பதில் 'உழுதுகொண்டே' என்று வைக்கலாமே என்று எழுதினான். பச்சைக் கர்சர் வந்து பக்கத்தில் நின்றது. வெகுநேரம் நின்றது.

'அருமை. வைத்துக்கொள்ளலாம்' என்று எடிட்டர் எழுதினார்.

அவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டான். அதற்குள் ரோஜாக் கர்சர் ஓடி வந்தது. 'வேண்டாம். உழுவதைப் பற்றி அடுத்த பத்தியில்தான் சொல்லப்போகிறேன். இங்கேயே சொன்னால் அங்கே சப்பென்று ஆகிவிடும்' என்று எழுதி, அவன் யோசனையைத் தள்ளிவிட்டது.

'ஆமாம், சரிதான்' என்றது பச்சை.

இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அவனுக்கு மூக்கு நுனி வரைக்கும் கோபம் வந்தது. அடுத்த பத்தியைப் படித்தான். அவள் சொன்னது சரிதான். அதுவும் கோபமாக இருந்தது.

முன்னறையிலிருந்து அவள் குரல் கேட்டது. "என்ன, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டியா?"

"இல்லையே."

"பின்ன அடுத்ததைச் சொல்லு. காத்துக்கிட்டிருக்கோம்."

அவன் உட்கார்ந்து அந்தப் பத்தியை மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.